தடுத்த பக்கம் தேடலில் ஏன் இன்னும் வருகிறது?

தேடுபொறிகள் தளத்தில் எதைப் படிக்கலாம் என்று சொல்லும் ரோபோட்ஸ் கோப்பில் (robots.txt) போட்ட ‘டிஸ்அலோ’ வரியை எடுத்துவிடுங்கள். அந்தப் பக்கத்துக்குள் ‘நோஇண்டெக்ஸ்’ குறிப்பு மட்டும் இருக்கட்டும்.

உங்கள் தளத்தின் பழைய விலைப்பட்டியல் பக்கத்துக்கு இரண்டையும் போட்டும் கூகுளில் வருகிறது என்றீர்கள். இரண்டும் சேர்ந்ததுதான் சிக்கல். டிஸ்அலோ என்றால் ‘உள்ளே வராதே’. நோஇண்டெக்ஸ் என்றால் ‘பட்டியலில் சேர்க்காதே’. வாசலிலேயே நிறுத்திவிட்டால் உள்ளே ஒட்டிய சீட்டைக் கூகுள் எப்படிப் படிக்கும்? வேறு தளங்கள் கொடுத்த இணைப்பை வைத்து, விவரம் இல்லாமல் முகவரியை மட்டும் காட்டியிருக்கும்.

தளம் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் தரும் கருவியான சர்ச் கன்சோலின் யூஆர்எல் இன்ஸ்பெக்‌ஷனில் அந்த முகவரியைப் போட்டுப் பாருங்கள். ரோபோட்ஸ் கோப்பு தடுக்கிறது என்று வந்தால் இதேதான். சரிசெய்த அப்புறம் அங்கேயே மறுபடி இண்டெக்ஸ் செய்யக் கேளுங்கள், நாளாகலாம்.

நோஇண்டெக்ஸை ரோபோட்ஸ் கோப்புக்குள் எழுதிவிடாதீர்கள். 2019 செப்டம்பர் 1 முதல் கூகுள் அதை ஏற்பதில்லை.