கட்டாரில் இருப்பவர் காரை வாங்குகிறார், கூடுதலாக அனுப்பிய காசைத் திருப்பிக் கேட்கிறார். அனுப்பலாமா?

அனுப்ப வேண்டாம் தம்பி. ஹட்டனில் நிற்கும் ஆல்டோவை 19 லட்சத்துக்குப் பேசியவர், 21 லட்சம் போட்டதாக ஸ்லிப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பி, மிச்சம் 2 லட்சத்தைக் கார் எடுக்க வரும் லொறிக்காரருக்குப் போடச் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த 2 லட்சம்தான் அவருடைய குறி. காரை அவர் வந்து பார்க்கக்கூட மாட்டார்.

ஸ்லிப் வெறும் படம். பெயரையும் தொகையையும் போனிலேயே மாற்றலாம். வங்கியிலிருந்து வந்த மாதிரி எஸ்எம்எஸ்ஸும் அனுப்புவார்கள். அதனால் நீங்களே வங்கிக்குப் போய், காசு கணக்கில் வந்ததா, எடுக்கக்கூடிய நிலையில் இருக்கிறதா என்று கேளுங்கள். காசோலை என்றால் இன்னும் கவனம். வெளிநாட்டுக் காசோலை தேற வாரக்கணக்கில் ஆகலாம். கணக்கில் தொகை தெரிந்த பிறகும் அது திரும்பி வரலாம். அப்போது நீங்கள் அனுப்பிய 2 லட்சம் உங்கள் கைக்காசு.

உண்மையிலேயே கூட வந்திருந்தால், வந்த வழியிலேயே திருப்பும்படி வங்கியிடம் எழுதிக் கொடுங்கள். மூன்றாம் ஆளுக்கு ஒரு சதமும் போகக் கூடாது.

சரி, ஆள் நிஜம் என்றால் ஊரில் சொந்தக்காரர் யாராவது இருப்பார்தானே? அவரை உங்கள் வங்கிக் கிளைக்கே வரச் சொல்லுங்கள். காசு உறுதியான பிறகு அங்கேயே உரிமை மாற்றப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு, சாவியைக் கொடுக்கலாம். அதுவரை வாகனப் புத்தகத்தைப் படம் எடுத்துக்கூட அனுப்பாதீர்கள். ஓடிபி கேட்டால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.