ஓகேயூ அட்டைக்கு ஏஜெண்ட் எதற்கு?

கேள்வி: என் கணவருக்கு 54 வயது. எட்டு மாதத்துக்கு முன் ஸ்ட்ரோக் வந்து படுத்த படுக்கையாகிவிட்டார். அவரைப் பார்த்துக்கொள்ள நான் வேலையை விட்டுவிட்டேன். ஓகேயூ (மாற்றுத்திறனாளி) அட்டையும் அரசாங்கத்தின் மாதப் பணமும் எடுத்துத் தர ஒருவர் 800 வெள்ளி கேட்கிறார். கொடுக்கலாமா? என்னைப் போன்றவர்களுக்குச் சங்கம் எதுவும் உண்டா?
- வாசகி, செந்தூல்

பதில்: கொடுக்காதீர்கள், அம்மா. ஓகேயூ பதிவுக்குக் கட்டணமே கிடையாது. சமூக நல இலாகாவில் பாரம் இலவசம். அதில் டாக்டர் எழுதி முத்திரை வைக்க வேண்டிய பகுதியை எந்த ஏஜெண்டாலும் எழுத முடியாது. பிறகு 800 வெள்ளி எதற்கு? உங்கள் ஐசி (அடையாள அட்டை) நகலையும் வங்கிக் கணக்கு நகலையும் வாங்கி, நீங்களே போகக்கூடிய கவுண்டரில் கொடுப்பதற்கு. கொடுக்காமலும் போகலாம். இனி யாருக்கு ஐசி நகல் கொடுத்தாலும் குறுக்கே இரண்டு கோடு போட்டு, நடுவில் எந்தக் காரியத்துக்கு என்று எழுதி, தேதியும் போடுங்கள். வங்கி அட்டை, ரகசிய எண் கேட்டால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

படுக்கையில் கிடப்பவரைப் பார்த்துக்கொள்பவருக்கு அந்த இலாகா மாதம் 500 வெள்ளி தருகிறது. குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

ஆனால் அதற்கு முன் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவைப் பாருங்கள். கணவர் சம்பளத்தில் சொக்சோ பிடித்திருந்தால், 60 வயதுக்குள் ‘பென்சென் ஈலாட்’டுக்கு, அதாவது வேலை செய்ய முடியாமல் போனவருக்கான பென்சனுக்கு, மனு செய்யலாம். இதில் ஒரு கணக்கு பலருக்குத் தெரிவதில்லை. மனு செய்யும் மாதத்துக்கு முந்திய 40 மாதத்தில் 24 மாதச் சந்தா இருக்க வேண்டும். வேலை நின்றதும் சந்தாவும் நின்றுவிடும். 16 மாதம் தாண்டினால் மீதி இருப்பது 24-க்கும் குறைவு, அந்த வழி அடைந்துவிடும். உங்களுக்கு எட்டு மாதம் ஏற்கெனவே போய்விட்டது. மொத்தச் சேவைக் காலத்தை வைத்துப் பார்க்கும் வேறு வழியும் உண்டு, ஆனால் அதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். பென்சன் கிடைத்து, எப்போதும் துணை தேவை என்று மருத்துவக் குழுவும் சொன்னால், கூடுதலாக மாதம் 500 வெள்ளி படித்தொகை உண்டு. ஆஸ்பத்திரிக்குத் தெரிந்த விஷயம் சொக்சோவுக்குத் தானாகப் போகாது. சொக்சோவுக்குத் தெரிந்தது சமூக நல இலாகாவுக்கும் போகாது. ஒரே டாக்டர் கடிதத்துக்கு மூன்று தடவை வரிசையில் நிற்க வைப்பார்கள். அதனால் முதல் தடவையே மூன்று பிரதி கேட்டு வாங்குங்கள்.

இதற்கெல்லாம் ஓர் ஆள் வேண்டுமென்றால், அவர் ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறார். கணவர் சிகிச்சை பெற்ற அரசாங்க ஆஸ்பத்திரியில் ‘கெர்ஜா சோசியல் பெருபாத்தான்’ (மருத்துவ சமூகப் பணி) பிரிவு எங்கே என்று கேளுங்கள். சக்கர நாற்காலி, கட்டில் உதவியையும் அங்கேயே விசாரியுங்கள். வார்டு வாசலில் சீட்டு நீட்டும் கட்டில் வியாபாரியிடம் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள்.

சங்கம் என்றால் பெட்டாலிங் ஜெயாவில் நாசாம் என்ற தேசிய ஸ்ட்ரோக் சங்கம் இருக்கிறது. ஸ்ட்ரோக் வந்தவர்களுக்கென்றே 1996-இல் தொடங்கியது. உங்களைப் போன்ற குடும்பங்களை அங்கே சந்திக்கலாம். மனம் தாங்காத இரவுகளில், மனம்விட்டுப் பேசுவதைக் கேட்கும் பிஃபிரெண்டர்ஸ் அமைப்பை 03-7627 2929-இல் கூப்பிடலாம். உதவிக்கு எங்கே போவது என்று தெரியாவிட்டால் அரசாங்கத்தின் உதவித் தொலைபேசி தாலியான் காசே, 15999. வாட்ஸ்அப் குழுக்களில் ஆறுதல் கிடைக்கும், கூடவே நரம்புக்கு எண்ணெய் விற்பவரும் வருவார்.

வீட்டுக்கு நர்ஸ் வரும் ‘டொமிசிலியாரி’ சேவை கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்க சுகாதாரக் கிளினிக்) உண்டு. டாக்டர் கடிதம் வேண்டும், வரும்போது நீங்களும் வீட்டில் இருக்க வேண்டும். மூக்குக் குழாய், மூத்திரக் குழாய் மாற்றுவார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அவரைப் புரட்டிப் படுக்க வைப்பது எப்படி என்று முதல் வருகையிலேயே செய்து காட்டச் சொல்லுங்கள். முதுகிலோ குதிகாலிலோ சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தும் சிவப்பு வெளுக்காவிட்டால், அடுத்த வருகைக்குக் காத்திராமல் அன்றைக்கே கிளினிக்கைக் கூப்பிடுங்கள்.