கலியாணத்துக்கு முந்திய பத்து நாள்

கடிதம்:

வணக்கம் அக்கா,

நாங்கள் லண்டனில் இருக்கிறோம். என் மாமாவின் மகனுக்கு வரும் ஆவணியில், ஓகஸ்ட் கடைசிக் கிழமை, நிலாவெளியில் ஒரு கடற்கரை ஹோட்டலில் கலியாணம். நான், கணவர், பன்னிரண்டும் ஒன்பதும் வயதான இரண்டு பிள்ளைகள், எழுபத்து நான்கு வயது அம்மா என்று ஐந்து பேர் வருகிறோம். டிக்கெட் விற்கும் விலைக்கு மூன்று நாளில் திரும்ப மனமில்லை. இரண்டு கிழமை லீவு எடுத்திருக்கிறோம். முதல் பத்து நாள் கண்டி, நுவரெலியா, எல்ல, மிரிஸ்ஸ என்று சுற்றிவிட்டு, கலியாணத்துக்கு முதல் நாள் பின்னேரம் நிலாவெளிக்கு வருவதாகத் திட்டம். அம்மா மூதூரில் பிறந்தவர். 1985இல் வெளிக்கிட்டவர், பிறகு திரும்பி வரவேயில்லை. அம்மம்மாவின் செத்தவீட்டுக்கும் வரக் கிடைக்கவில்லை. இப்போது அவருக்கு முழங்கால் நோ. கலியாணத்தைச் சாட்டி ஊர் சுற்ற வந்தார்கள் என்று சொந்தக்காரர் குறை நினைப்பார்களோ என்றும் யோசனையாக இருக்கிறது. திருகோணமலையில் இருக்கும் நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஒரு வாசகி, லண்டன்

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

குறை நினைக்க மாட்டார்கள். ஆனால் முதல் நாள் பின்னேரம் வந்து இறங்கினால் உங்கள் மாமா மனதுக்குள் வருந்துவார். நாங்கள் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை, அவ்வளவுதான். என் மகளின் கலியாணத்துக்குக் கனடாவிலிருந்து வந்த சித்தி இப்படித்தான் தெற்கெல்லாம் பார்த்துவிட்டுக் கடைசி இரவு வந்தார். மணவறைக்குப் பக்கத்தில் நின்று ஐந்து நிமிடம் கதைத்தோம். இரண்டு வருடத்தில் சித்தி போய்விட்டார். அந்த ஐந்து நிமிடத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் தொண்டை அடைக்கும்.

அதனால் முதலில் சொல்வது இதுதான்: திட்டத்தைத் திருப்பிப் போடுங்கள். விமானத்தால் இறங்கியதும் நேரே இங்கே வாருங்கள். கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து வான் வண்டியில் ஐந்தாறு மணித்தியாலம்.

ஹோட்டலில் நடப்பது கலியாணத்தின் கடைசிப் பகுதி. பொன்னுருக்கு, அதாவது தாலிக்குப் பொன் உருக்கும் சடங்கு, மாமா வீட்டில்தான் நடக்கும், அதற்கு நாள் பார்த்து முன்னரே வைப்பார்கள். உங்கள் அம்மா மாப்பிள்ளைக்குச் சொந்த மாமி. அவர் இல்லாமல் அந்த முற்றத்தில் நகை செய்யும் பத்தர் நெருப்பு மூட்டுவதை நினைத்துப் பாருங்கள். பொன் நாணயம் உருக்கும் கிண்ணத்துக்குள் சிவந்து, விளிம்பு கரைந்து, திடீரென்று ஒரு துளியாகத் திரண்டு நிற்கும். ஆறியதும் அந்தப் புளியங்கொட்டையளவு பொன்னைத் தட்டில் வைத்து ஒவ்வொருவரிடமும் கொண்டுவருவார்கள். உங்கள் பிள்ளைகளும் தொட்டுப் பார்க்கட்டும். மண்டபத்தில் தாலி கட்டும்போது, அது தாங்கள் உருகக் கண்ட பொன் என்று அவர்களுக்குத் தெரியும். அப்புறம் பலகாரச் சூடு. பயற்றம் பணியாரத்துக்கு மா குழைக்க ஒன்பது வயதுக் கை போதும்.

மாமா வீட்டிலேயே தங்க வேண்டாம். கலியாண வீட்டில் ஐந்து பேருக்குப் பாய் விரிப்பது அவர்களுக்குப் பாரம். உப்புவெளியில் ஒரு சின்ன விடுதி எடுங்கள், அங்கிருந்து திருகோணமலை நகரம் ஐந்தாறு கிலோமீற்றர்தான். கலியாணத்துக்குப் பிறகும் ஓரிரு இரவு நிலாவெளியில் இருப்பதென்றால், கலியாணத்துக்குப் பேசிய அறை விலையையே அந்த இரவுகளுக்கும் தரச் சொல்லி மாமாவைக் கொண்டு கேளுங்கள்.

மிரிஸ்ஸவை விடுங்கள். ஓகஸ்டில் தென்மேற்குப் பருவக்காற்றுக்கு அந்தக் கடல் கொந்தளித்துக் கிடக்கும். எங்கள் பக்கம் அப்போது கச்சான் காற்று. அது தரையிலிருந்து கடலை நோக்கி அடிப்பதால் பகலில் உடம்பு எரியும், ஆனால் காலையில் கடல் தட்டில் ஊற்றிய எண்ணெய் மாதிரிக் கிடக்கும். புறாமலைத் தீவுக்கு அந்த நேரத்தில்தான் படகு ஏற வேண்டும். நிலாவெளிக் கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர். 2003இலிருந்து தேசியப் பூங்கா, வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்கு ரிக்கெற் விலை கூட. தீவின் ஒரு கரையில் மணலே இல்லை, முழுக்க ஒடிந்த பவளத் துண்டுகள். விரலெலும்பு போல வெள்ளையாக, மிதித்தால் கலகலவென்று சத்தம் போடும். பிள்ளைகளுக்குச் சப்பாத்து வேண்டும். தண்ணீருக்குள் உயிரோடிருக்கும் பவளத்தில் கால் ஊன்ற விடாதீர்கள், இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். எத்தனையோ பேர் நின்றே கொன்றுவிட்டார்கள்.

கோணேசர் கோயிலுக்குப் பின்னேரம் போங்கள். கோட்டைக்குள்ளால்தான் பாதை, புள்ளிமான்கள் வந்து பையை மோந்து பார்க்கும். பொலித்தீன் பையைக் கையில் வைத்திருக்க வேண்டாம், அதையும் தின்றுவிடும். 1622இல் போர்த்துக்கேயர் கோயிலை இடித்து அந்தக் கல்லிலேயே கோட்டையைக் கட்டினார்கள். வாசல் கல்லில் பாண்டியரின் மீன் இப்போதும் இருக்கிறது, மூத்த பிள்ளையைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். இப்போதுள்ள கோயிலுக்குக் குடமுழுக்கு 1963இல். அம்மாவுக்கு ஏற்றம் கடினமென்றால் கோயிலடி வரை ஓட்டோ போகும்.

லண்டன் பிள்ளைகள் என்றபடியால் உப்புவெளி யுத்த மயானத்திலும் அரை மணித்தியாலம் நில்லுங்கள். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பான் விமானங்கள் இந்தத் துறைமுகத்தில் குண்டு போட்டன. மயானத்தின் நடுகற்களில் வயதும் எழுதியிருக்கும், இருபது, இருபத்தொன்று.

கன்னியா வெந்நீர் ஊற்றுகளைக் கலியாணம் முடிந்த பிறகு வையுங்கள். இறந்த தாய்க்குக் கடன் கழிக்கும் இடம், மங்கல காரியத்துக்கு முன் போவது நமக்கு வழக்கமில்லை. இராவணன் தன் தாய்க்காக உண்டாக்கிய ஊற்று என்பார்கள். ஏழு சின்னச் சதுரக் கிணறு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. வாளியால் அள்ளித் தலையில் ஊற்ற வேண்டியதுதான். உங்கள் அம்மா அங்கே நின்று தன் அம்மாவை நினைத்து ஊற்றிக்கொள்ளட்டும். நாற்பது வருடம் சுமந்ததை இறக்க அவருக்கு ஒரு இடம் வேண்டாமா? பிள்ளைகள் பக்கத்தில் நின்றால் போதும், விளக்கம் வேண்டியதில்லை.

மலைநாட்டை இந்தமுறை விடுங்கள், முழங்காலுக்கு அந்த வளைவுகள் ஆகாது. திரும்பும் வழியில் ஹபரணையில் ஒரு இரவு தங்கினால், மின்னேரியாக் குளம் வற்றிப் புல் முளைக்கும் காலம் அது, பின்னேரத்தில் யானைகள் கூட்டம் கூட்டமாக வந்து நிற்கும். பிள்ளைகளுக்கு அது போதும்.

மூதூரைக் கலியாணத்துக்கு முன்னரே வையுங்கள், முழு நாளும் அதற்கே. அம்மாவின் காலத்தில் இங்கிருந்து கொட்டியாரக் குடாவைத் தாண்டி லோஞ்சில் போயிருப்பார். தரையால் என்றால் கிண்ணியாவில் பாதைக்கு, வாகனங்களை ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவைக்கு, காத்து நிற்க வேண்டும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்துவிட்டார்கள், இப்போது ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். 1660இல் ஆங்கில மாலுமி ரொபர்ட் நொக்ஸ் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டதும் இந்தக் கொட்டியாரத்தில்தான், தப்பிப்போகப் பத்தொன்பது வருடம் பிடித்தது. வானில் போகும்போது பிள்ளைகளுக்கு அந்தக் கதையைச் சொல்லலாம். வீடு இருக்குமோ, வளவு மட்டும் இருக்குமோ, அம்மாவின் கூட்டாளிகள் யாராவது இருப்பார்களோ, போனால்தான் தெரியும். எங்கே நிறுத்துவது, எந்த ஒழுங்கையால் திரும்புவது என்பதை அன்றைக்கு அம்மாதான் சொல்ல வேண்டும். திரும்பி வரும்போது கிண்ணியாப் பக்கம் ஒரு சட்டித் தயிர் வாங்குங்கள், எருமைத் தயிர்.

போகும்போது பாலத்தில் வானை மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள். அம்மா முன் சீட்டில் இருக்கட்டும்.

அன்புடன்,
அக்கா