விசாவுக்கு ‘உறுதி’ விற்கிறார்கள், கவனம்!

கேள்வி: இந்திய நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். தாய்லாந்தில் தங்கியபடியே அந்த வேலையைத் தொடர உதவும் ஐந்தாண்டு டிடிவி (டெஸ்டினேஷன் தாய்லாந்து விசா) ‘நூறு சதவீதம் உறுதி’ என்று சொல்லி முகவர் ஒருவர் 75,000 ரூபாய் வாங்கினார். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. பணம் திரும்பக் கிடைக்குமா? (வாசகர், திருப்பூர்)

பதில்: விசாக் கட்டணம் திரும்பாது. முகவர் தமக்கென்று வாங்கியதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஏமாற்றப்பட்டவர் நீங்கள், கூச்சப்பட வேண்டியவர் அவர்.

2024 ஜூலையில் அறிமுகமான இந்த விசாவுக்குத் தாய்லாந்து அறிவித்த கட்டணம் அந்நாட்டுப் பணத்தில் 10,000 பாட். உள்ளூர்ப் பணத்தில் தூதரகத்துக்குத் தூதரகம் சற்று மாறும். விண்ணப்பத்தை அந்நாட்டு அரசின் இ-விசா தளத்தில் நீங்களே நிரப்பலாம். 20 வயது நிறைந்திருக்க வேண்டும், 5 லட்சம் பாட்டுக்கு ஈடான பணத்தைக் காட்ட வேண்டும், வேலைக்கான ஒப்பந்தமோ சான்றோ வேண்டும். இவற்றில் எதையும் முகவரால் உங்களுக்கு உண்டாக்கித் தர முடியாது. ஏற்பதும் மறுப்பதும் தூதரக அதிகாரியின் கையில் இருக்கும்போது, அந்த முடிவைத் தம் கடையில் இருக்கும் சரக்கைப்போல விலை பேசுவது அப்பட்டமான ஏமாற்று. ‘ஐந்தாண்டு’ என்பதும் பாதி உண்மைதான்: விசா ஐந்தாண்டு செல்லும், ஆனால் ஒருமுறை நுழைந்தால் 180 நாள்தான் தங்கலாம், அதன்பின் குடிவரவு அலுவலகத்தில் நீட்டிப்புக் கேட்க வேண்டும். இந்த இரண்டாம் பாதியைச் சொல்லும் விளம்பரத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

‘உறுதி’ என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியையும் பணம் செலுத்திய விவரத்தையும் பத்திரப்படுத்துங்கள். முதலில் பணத்தைத் திரும்பக் கேட்டு முகவருக்கு ஸ்பீடு போஸ்டில் கடிதம் அனுப்புங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் பதியுங்கள். பயனில்லையென்றால் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகுங்கள். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருப்பதால் அங்கே மனுக் கட்டணம் கிடையாது.

கேள்வி: 5 லட்சம் பாட்டுக்கு ஈடான பணத்தை ஒரு வாரத்துக்கு மட்டும் என் கணக்கில் போட்டுவைக்க ஒருவர் வட்டி கேட்கிறார். கொடுக்கலாமா? (வாசகர், மதுரை)

பதில்: கூடாது. பல மாதக் கணக்கு விவரம் கேட்கும் அதிகாரிக்கு, திடீரென்று வந்து விழுந்த தொகை முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும்.

கேள்வி: எஸ்தோனியாவின் இ-ரெசிடென்சி அட்டை வாங்கிவிட்டேன். அங்கே போய்த் தங்கி வேலை செய்யலாமா? (வாசகி, கோவை)

பதில்: முடியாது. 2014 முதல் வழங்கப்படும் அந்த அட்டை ஒரு மின்னணு அடையாளம் மட்டுமே. நாட்டுக்குள் நுழையவோ தங்கவோ அது உரிமை தராது. தங்கி வேலை செய்ய 2020 ஆகஸ்டில் தொடங்கிய தனி விசா இருக்கிறது. அதற்கு மாத வருமான வரம்பும் உண்டு. வாங்கும் முன் ஒரு பக்கத்தைப் படித்திருந்தால் இந்தக் கேள்விக்கே தேவை வந்திருக்காது.

கேள்வி: விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே தாய்லாந்தின் சியாங் மாய் நகரில் மூன்று மாத வாடகையும் விமானச் சீட்டும் கட்டிவிட்டேன். அங்கிருந்து வேலை செய்ய மேலாளர் வாய்மொழியாகச் சரி என்றார்; நிறுவனம் கடிதம் தர மறுக்கிறது. என்ன செய்வது? (வாசகர், சென்னை)

பதில்: வரிசையைத் தலைகீழாக்கிவிட்டீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் நானும், விசா வந்துவிடும் என்று ஒருவர் சொன்னதை நம்பி, பணம் திரும்பாத சீட்டை 31,000 ரூபாய்க்கு வாங்கினேன், விசா வரவில்லை. அந்தச் சீட்டின் இரண்டாம் பக்கத்தில், ‘திருப்பித் தரப்படாது’ என்ற வரி பொடி எழுத்தில் தெளிவாகவே இருந்தது. பணம் போன பிறகுதான் அதைப் படித்தேன் என்பது இன்றும் உறுத்துகிறது.

மேலாளரின் வாய்ச்சொல்லைத் தூதரகத்தில் சமர்ப்பிக்க முடியாது. மனிதவளப் பிரிவிடம், வெளிநாட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி உண்டு என்று நிறுவனத் தாளில் எழுதித் தரும்படி மனுக் கொடுத்துக் கேளுங்கள். ஒரு நாட்காட்டி ஆண்டில் 180 நாள் தங்கினால் தாய்லாந்தில் வரி கணக்கில் நீங்கள் அந்நாட்டில் வசிப்பவராகிவிடுவீர்கள். நிறுவனம் தயங்க இதுவும் காரணமாக இருக்கலாம் என்பதால், எத்தனை நாள் தங்கப்போகிறீர்கள் என்பதையும் அந்த மனுவிலேயே எழுதுங்கள். வீட்டு உரிமையாளருக்கு இன்றே எழுதி, தேதியை மாற்றித் தர இயலுமா என்று கேளுங்கள்.