தொடர்களில் சிறுபான்மையினர் ஏன் ஒரே மாதிரி வருகிறார்கள்?

ஒரு சமூகத்தையே ஒரே குணம், ஒரே தொழில், ஒரே பேச்சுக்குள் அடைத்துக் காட்டுவதைத்தான் 'வார்ப்புப் பாத்திரம்' என்று சொல்கிறோம்.

அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் 2001-இல் தொடங்கிய '24' தொடரைப் பாருங்கள். 2005-இல் வந்த நான்காவது சீசனில், புறநகரில் சாதாரணமாக வாழும் ஒரு முஸ்லிம் குடும்பம் ரகசியப் பயங்கரவாதிகளாக வரும். முஸ்லிம் அமைப்பு எதிர்ப்புத் தெரிவித்த பிறகு, கதாநாயகன் கீஃபர் சதர்லேண்டே திரையில் தோன்றி, அமெரிக்க முஸ்லிம்களை அப்படிப் பார்க்கக் கூடாது என்று விளக்கம் தந்தார். நல்ல விஷயம்தான். ஆனால் வாரக்கணக்கில் ஓடிய கதையின் பதிவைச் சில நொடி விளக்கம் அழித்துவிடாது.

ஏன் இப்படி எழுதுகிறார்கள்? வாராவாரம் கதை வேண்டும். பார்வையாளருக்கு ஏற்கெனவே பழகிய பிம்பம் என்றால் அறிமுகம் தேவையில்லை. எழுதும் குழுவில் அந்தச் சமூகத்தவர் ஒருவரும் இல்லையென்றால், 'எங்கள் வீட்டில் இப்படி இல்லையே' என்று சொல்லவும் ஆள் இருக்காது. இதுதான் பெரிய காரணம் என்பேன்.

நம் தெருவில் வளர்ந்த பையன் ஒருவன் ஜன்னலை உடைத்தால் அவனைத் திட்டுவோம். புதிதாகக் குடிவந்த ஒரே வெளியூர்க் குடும்பத்துப் பையன் உடைத்தால், 'அந்த ஊர்க்காரர்களே இப்படித்தான்' என்போம். திரையிலும் அதே கதைதான்: ஒரு சமூகத்திலிருந்து ஒரே ஒரு பாத்திரம் வந்தால், அதுவே மொத்தச் சமூகமாகத் தெரியும்.

சிறுபான்மையினரை ஒருபோதும் வில்லனாகக் காட்டக்கூடாது என்று பலர் இந்த விமர்சனத்தைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். கேட்பது அதுவல்ல, வில்லனோடு மருத்துவர், சோம்பேறி, காதலி, கோபக்கார மாமா என எல்லோரும் அந்தச் சமூகத்திலிருந்து வரவேண்டும் என்பதுதான்.