ஃபிலிம் கவர் இருக்கிறதே, அது போதாதா?

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது. இடுப்பு வலி, இடது கால் மரத்துப்போகிறது என்று வேலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எம்.ஆர்.ஐ. எடுத்தோம். டிஸ்க் விலகி நரம்பை அழுத்துகிறது, ஆபரேஷன் செய்துவிடலாம் என்கிறார்கள். சென்னையில் இன்னொரு டாக்டரிடம் கேட்கலாமே என்று ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து செல்போனில் படமெடுத்து அனுப்பினேன். 'இதில் ஒன்றும் தெரியவில்லை, டைகாம் ஃபைல் வாங்கி அனுப்புங்கள்' என்று பதில் வந்தது. அதை யாரிடம் கேட்பது? கேட்டால் இங்கே பார்க்கிற டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று அப்பா பயப்படுகிறார்.
– ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: அப்பாவின் பயத்தை முதலில் பார்ப்போம். ஆரணியில் ஒரு பட்டுப்புடவை எடுக்க நாலு கடை ஏறி இறங்குகிறோம், முதுகில் கத்தி வைப்பதற்கு இன்னொருவரைக் கேட்டால் என்ன தப்பு? டாக்டர்களுக்கு இது புதிதே இல்லை. காட்பாடி ஸ்டேஷனில் ஒரு பத்து நிமிடம் நில்லுங்கள், வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ஸ்கேன் கவரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்குகிறவர்களில் எத்தனையோ பேர் ஊரில் ஒரு டாக்டரைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள்தான். தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளிகள் உரிமை சாசனத்திலும் இரண்டாவது கருத்து கேட்பது உரிமை என்றே இருக்கிறது.

சரி, ஃபிலிம் ஏன் போதாது? எம்.ஆர்.ஐ. மெஷின் எடுப்பது நூறு, இருநூறு படங்கள். அதில் சிலவற்றைத் தேர்ந்தெடுத்துச் சின்னதாக்கி நாலைந்து ஷீட்டில் அச்சடித்துக் கொடுக்கிறார்கள், வெளிச்சமும் அவர்கள் வைத்த வெளிச்சம்தான். அதை நீங்கள் போனில் படமெடுத்து, வாட்ஸ்அப் அதை இன்னும் சுருக்கி, கடைசியில் சென்னை டாக்டருக்குப் போய்ச் சேர்ந்தது சாம்பல் கலர் மூட்டம். டைகாம் என்பது மெஷினிலிருந்து வரும் மூல ஃபைல். டாக்டர் தன் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு ஸ்லைஸாக உருட்டிப் பார்க்கலாம், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கலாம், நரம்பு போகிற பாதை எத்தனை மில்லிமீட்டர் குறுகியிருக்கிறது என்று அளந்தே பார்க்கலாம்.

டாக்டரின் அறை வாசலில் போய் இதைக் கேட்டு நிற்காதீர்கள். ஸ்கேன் எடுத்த ரேடியாலஜி கவுண்டருக்குப் போங்கள், அங்கே கைவிரித்தால் மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவு. வாயால் கேட்டால் 'நாளைக்கு வாங்க' என்பார்கள், அதனால் எழுதியே கொடுங்கள்: அப்பா பெயர், ஆஸ்பத்திரி நம்பர், ஸ்கேன் எடுத்த தேதி, 'இடுப்புத் தண்டுவட எம்.ஆர்.ஐ.யின் எல்லா சீரிஸும் டைகாம் வடிவில், சிடியிலோ லிங்க்காகவோ வேண்டும்' என்று ஒரு வரி. (சீரிஸ் என்றால் ஒரே ஸ்கேனில் வெவ்வேறு விதமாக எடுத்த படத் தொகுதிகள்.) நீங்கள் மட்டும் போவதானால் அப்பா கையெழுத்திட்ட கடிதமும் அவருடைய ஆதார் நகலும் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்னொரு நகலில் தேதியோடு சீல் வாங்கிக்கொள்ளுங்கள், இதுதான் முக்கியம். நோயாளியோ அவர் அனுப்பிய ஆளோ மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ம் ஆண்டு நடத்தை விதிகள் சொல்கின்றன. சண்டை போடத் தேவையில்லை, கடிதத்தின் கடைசியில் இந்த விதியை ஒரு வரியில் குறிப்பிட்டாலே கவுண்டரில் பேச்சு மாறும். சிடிக்குக் கொஞ்சம் பணம் கேட்டால் கொடுத்துவிட்டு ரசீது வாங்குங்கள்.

என் மாமியாருக்கு இப்படித்தான் ஒரு இடத்தில் சிடி வாங்கினோம். பெங்களூர் வரை போன பிறகு திறந்தால் ஒரே ஒரு சீரிஸ், கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றி எடுத்த படங்கள் எதுவுமே இல்லை. போன வேலை நடக்கவில்லை, மறுபடி ஊருக்கு வந்து அதே கவுண்டரில் நின்றது தனி. அதனால் கவுண்டரை விட்டு நகர்வதற்கு முன் அவர்கள் கம்ப்யூட்டரிலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள், அப்பா பெயரும் தேதியும் சரிதானா என்றும் பாருங்கள்.

அனுப்பும்போது ஃபோல்டர் முழுவதையும் ஜிப் ஆக்கி, வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், அல்லது கூகுள் டிரைவ் லிங்க் கொடுங்கள். கூடவே ரிப்போர்ட்டும், இதுவரை சாப்பிட்ட மாத்திரைகளின் பட்டியலும் போகட்டும். ஃபைலுக்குள்ளேயே அப்பாவின் பெயர், வயதெல்லாம் பதிந்திருக்கும், அதனால் சொந்தக்காரர்கள் குரூப்பில் போட வேண்டாம்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். சிறுநீர், மலம் கட்டுப்பாடில்லாமல் போவது, அல்லது சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, உட்காரும் இடம் மரத்துப்போவது, கால் திடீரென்று பலமிழப்பது, இதில் எது நடந்தாலும் இரண்டாவது கருத்துக்குக் காத்திருக்காமல் நேராக எமர்ஜென்சிக்குக் கூட்டிப்போங்கள்.

கேள்வி: ஸ்கேன் சிடி கொடுத்தார்கள். என் லேப்டாப்பில் சிடி போடவே இடமில்லை. பிரவுசிங் சென்டரில் பென்டிரைவில் ஏற்றினால் வெறும் நம்பர் நம்பராக ஃபைல்கள், எதுவும் திறக்கவில்லை. சிடி கெட்டுவிட்டதா?
– ஒரு வாசகர், வாலாஜாபேட்டை

பதில்: கெடவில்லை, டைகாம் ஃபைல்கள் பல நேரம் அப்படித்தான் இருக்கும். பெயரை மாற்றாதீர்கள், தேவையில்லை என்று எதையும் அழிக்காதீர்கள். மைக்ரோடைகாம் மாதிரி ஒரு வியூவரை விண்டோஸில் இறக்கி, அந்த ஃபோல்டரை அதில் திறந்தால் படம் வரும். டாக்டருக்கு அனுப்ப மட்டும்தான் என்றால் அதுகூட வேண்டாம், அப்படியே கொடுங்கள், அவரிடம் வியூவர் இருக்கும்.