காசு இல்லாதவனுக்கு வக்கீல் உண்டா?

கேள்வி: அண்ணன் மகனை ராத்திரி பாலாய்க்கு (போலீஸ் நிலையத்துக்கு) கொண்டு போய்விட்டார்கள். வக்கீல் வைக்க வசதியில்லை. இலவச வக்கீல் என்றால் அனுபவம் இல்லாத பிள்ளையைத்தானே அனுப்புவார்கள்?
– வாசகி, செந்தூல்

பதில்: அம்மா, அந்தப் பயம் வேண்டாம். 2011-இல் தொடங்கிய தேசிய சட்ட உதவி அறக்கட்டளை, மலாயில் சுருக்கமாக ஒய்பிஜிகே என்பார்கள், கைதாகும் மலேசியக் குடிமக்களுக்குத் தடுப்புக் காவல் (ரிமாண்ட்) விசாரணையிலும் ஜாமீனுக்கும் வக்கீல் தருகிறது. அவர்கள் தொழில் நடத்தும் வக்கீல்கள்தான், இதற்கென்று பயிற்சியும் எடுத்தவர்கள். மாஜிஸ்திரேட் முன்னால் எழுந்து, இத்தனை நாள் காவல் எதற்கு என்று கேட்க ஓர் ஆள் இருப்பதே பெரிய விஷயம், ஏனென்றால் லோக்கப் உடையில், தூக்கமில்லாத கண்ணோடு நிற்கிற பையனுக்கு வாயே வராது.

சரி, முதலில் இதைச் செய்யுங்கள். ஏன் பிடித்தார்கள் என்று கேளுங்கள், சொல்லியாக வேண்டும். விசாரிக்கும் முன் உறவினரையும் வக்கீலையும் தொடர்புகொள்ள அவனுக்கு உரிமை உண்டு (குற்றவியல் நடைமுறைச் சட்டம், 28ஏ பிரிவு). 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும், ஆகவே விடிந்ததும் நீதிமன்றத்துக்குப் போய்விடுங்கள். நம் வீடுகளில் இதெல்லாம் கைதான பிறகுதான் தெரியவருகிறது, அதுதான் எனக்கு வேதனை.